ஆறரைக் குதிரை

ஊரில் எல்லாரும் எடுத்த காரியம் சீக்கிரம் முடியவேண்டும் என்று கோயிலுக்குப் போவார்கள். நான் முடியக்கூடாது என்று போனவள். கோனியம்மன் சன்னதியில் வெள்ளிக்கிழமை தவறாமல் நின்று, "தாயே, அந்தக் காரு இன்னுங் கொஞ்ச நாளைக்கு இழுக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். அம்மனுக்கே சிரிப்பு வந்திருக்கும். வந்தால் வரட்டும், என் பாடு எனக்கு.

கார் என்றால் ஒரு பழைய வெள்ளை மாருதி. என் வீட்டுக்காரர் பாலகோபால் அதை மூன்று வருஷமாகக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். தொண்ணூற்று மூன்றில் ஆரம்பித்தது, தொண்ணூற்றாறும் முடியப்போகிறது. அவருக்குப் பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. செய்து வருகிற பம்பையும் மோட்டாரையும் ஓட்டிப் பார்த்து, இத்தனை குதிரை இழுக்கிறது, இவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மசக்காளிபாளையத்தில் ஓட்டு வீடு, முன்னால் தகரக் கொட்டகை. கொட்டகையில் காரும் அவரும். வீட்டுக்குள் நான்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை நாங்கள் எப்போதோ நிறுத்திவிட்டோம். அதோடு மற்ற பேச்சும் சேர்ந்து நின்றுபோனதை அவர் கவனித்தாரா என்று கூட எனக்குத் தெரியாது. காலையில் "வாரேன்". சாயங்காலம் "சோறு ஆச்சா". நடுவில் ஒன்றும் கிடையாது. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். குறை சொன்னால் என்னைத்தான் திட்டுவார்கள். என் அண்ணி வரலட்சுமி மட்டும், "உங்கூட்டுக்காரரு வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்காரு கனகம்?" என்று கேட்பாள். "அவருக்குப் பேச்சு வராதுங்க அண்ணி, சுபாவமே அப்படித்தானுங்க" என்று நான்தான் வக்காலத்து வாங்குவேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான், தொண்ணூற்று மூன்றில், ஒரு சனிக்கிழமை உக்கடத்தில் ஷேக் பரீத் பாயின் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சாமானைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கொச்சித் துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த ஏதோ ஜப்பான் இன்ஜினில் இருந்ததாம். இரண்டு நத்தைகளை முதுகோடு முதுகு ஒட்டவைத்த மாதிரி இருந்தது. அதைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"இதென்னங்க, சோறு திங்கற எடத்துல கரியும் கிரீசுமா?"

"டர்போ" என்றார்.

பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, சொல்ல ஆரம்பித்தார். இன்ஜின் வெளியே தள்ளுகிற புகை வீணாகத்தான் போகிறது. அந்தப் புகை இந்தப் பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டில் மாட்டிய அந்தப் பக்கத்துச் சக்கரமும் கூடச் சுற்றும். அது வெளிக்காற்றை இழுத்து அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று நிறைய போனால் பெட்ரோலும் நிறைய எரியும். முப்பத்தொன்பது குதிரை இன்ஜின் எண்பது குதிரை இழுக்கும். "வெளிய வீசற புகையிலயே வேலை வாங்கறது கனகு" என்றார். கண்ணெல்லாம் பளபளத்தது.

முதல் தடவையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், "புரியலைங்க, இன்னொருக்கா சொல்லுங்க" என்றேன். மறுபடியும் அரைமணி நேரம் பேசினார். ரசம் ஆறிப்போயிற்று. அதற்கப்புறம் எத்தனையோ தடவை அப்படிப் புரியாதவளாக நடித்திருக்கிறேன். பொய்தான். அதற்காக என்னை எந்த நரகத்துக்கு அனுப்பினாலும் போய்க்கொள்கிறேன்.

பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மில் முதலாளி சொந்த விமானத்துக்காகப் போட்ட ஓடுதளம் இருந்தது. விமானம் போய்விட்டது, தளம் மட்டும் கிடந்தது. பொங்கல் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே கால் மைல் ரேஸ் நடக்கும். இரண்டிரண்டு காராக நிறுத்தி ஓட்டுவார்கள். மில் வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் இறக்கி வண்டியை ஜோடித்துக்கொண்டு வருவார்கள். இவர் சம்பளத்தில் மிஞ்சியதை வைத்து அவர்களை முந்தவேண்டும். அதுதான் அவர் ஆசை. அது நடந்துவிட்டால் என்னிடம் பேச அவருக்கு என்ன இருக்கும்? அதுதான் என் பயம்.

காசில்லாமல் குதிரை ஏற்றுவது என்றால் என்ன என்று அந்த மூன்று வருஷத்தில் பார்த்தேன். இன்ஜின் தலைக்கு அடியில் வைக்கிற தகடு தடிமனாக வேண்டும் என்று பாத்திரக் கடையில் செம்புத் தகடு வாங்கிவந்து, அரத்தால் ராவி ராவி அவரே வெட்டினார். டர்போவிலிருந்து வருகிற காற்று சூடாக இருக்கும், அதை ஆற்றினால்தான் பலம் என்று, மூடிப்போன மில்லிலிருந்து ஒரு கூலிங் காயிலை எடைக்கு வாங்கிக் காரின் மூக்கில் மாட்டினார். அதன்மேல் தண்ணீர் தெளிக்கக் கண்ணாடி கழுவுகிற பாட்டிலைத் திருப்பிவிட்டார். கார்புரேட்டரை ஒரு அலுமினியப் பெட்டிக்குள் அடைத்தார். காற்று கசியாமல் இருக்க அந்தப் பெட்டி மூடிக்கு ரப்பர் வளையம் வேண்டுமே? என் குக்கர் கேஸ்கெட்டு போயிற்று. அடுத்த வாரம் குக்கர் வெயிட்டும் போயிற்று. ஒரு கிலோ அழுத்தத்துக்கு மேல் போனால் இன்ஜின் உடையும், அப்போது அது விசிலடித்துச் சொல்லும் என்றார்.

"அப்ப நான் பருப்பு எதுலீங்க வேக வெக்கறது?"

"சட்டியில வெய்யி. ருசியா இருக்கும்."

ருசியாம்! ஒரு மாதம் துவரம்பருப்போடு மல்லுக்கட்டினேன். திட்டிக்கொண்டேதான் மல்லுக்கட்டினேன், ஆனால் உள்ளுக்குள் சந்தோஷம். என் வீட்டுச் சாமான் ஒன்று அந்தக் காருக்குள் இருக்கிறதே.

அப்புறம் நானே உள்ளே போனேன். அழுத்தம் பார்க்க அவர் மாட்டியது கம்பெனியில் கழித்துப்போட்ட பம்பு கேஜ். சாப்பாட்டுத் தட்டு அகலம். ஸ்டீயரிங் பக்கம் இடம் போதவில்லை, இடது பக்கத்து சீட்டுக்கு முன்னால் பொருத்தினார். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கவேண்டும், முள்ளைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். தண்ணீர் தெளிக்கிற பட்டனும் அந்தப் பக்கமே அமைந்துவிட்டது. "சித்த வா கனகு, படிச்சுச் சொல்லோணும்" என்றார். அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று கூடப் பார்க்காமல் ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவினாசி ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது. நீலாம்பூர் தாண்டியதும் மிதிப்பார். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு முன்னாலிருந்து மெல்லிசாக ஒரு ஊளை கிளம்பும், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். நான் கத்துவேன். "கால் கிலோ! அரைக் கிலோ! முக்காக் கிலோ!" சந்தையில் தக்காளி நிறுக்கிற மாதிரி இருக்கும். முக்காலில் பட்டனை அழுத்தவேண்டும். விசில் வந்தால் "உடுங்க!" என்று அலறவேண்டும், அவர் காலை எடுப்பார். எனக்குப் பயமே வரவில்லை. அந்த ரோட்டிலேயே செத்துப்போயிருந்தாலும் பேசிக்கொண்டே செத்திருப்போம்.

கருமத்தம்பட்டியில் டீக்கடை ஓரம் நிறுத்துவார். தறிச் சத்தம் நாலு பக்கமும் கேட்கும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார், "மூணாவது கியருல முக்கா எப்ப வந்துது? பாலத்துக்கு முன்னாலயா, பொறகா?" நான் சொல்வேன். "முள்ளு ஆடுச்சா, நின்னுச்சா?" சொல்வேன். ஒருநாள், "அரையில புஸ்ஸுனு ஒரு சத்தம் வருதுங்க, எடது பக்கம் கீழருந்து" என்றேன். இறங்கிப் பார்த்தால் ஒரு ஹோஸ் பாதி கழன்றிருந்தது. இன்னும் நாலு கிலோமீட்டர் போயிருந்தால் இன்ஜின் போயிருக்குமாம். "உனக்குக் காது வெகு நல்லாருக்கு" என்றார். எனக்கும் ஒரு கருத்து இருக்கும் என்று நினைத்து ஒரு ஆள் கேட்பது எப்படி இருக்கும் என்று, கேட்கப்படாமல் கிடந்தவளுக்குத்தான் தெரியும். அந்த டீக்கடைப் பத்து நிமிஷத்துக்காக மீதி ஆறு நாளையும் நான் தள்ளினேன்.

எத்தனை குதிரை வந்திருக்கிறது என்று அளக்க மெட்ராசில் மெஷின் இருக்கிறதாம். இவருக்கு எதற்கு மெஷின்? எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குதிரை என்றால் தண்ணீர்தான். அஞ்சு குதிரை மோட்டார் எவ்வளவு இறைக்கும் என்று தோட்டத்தில் எந்த ஆளைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இவர் கம்பெனியில் விற்காமல் கிடந்த பெரிய பம்பு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, காரை என் அண்ணன் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். கிணற்றோரம் காரின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஒரு சக்கரத்தைச் சுற்றாமல் கட்டி, மற்றதைக் கழற்றி அந்த இடத்தில் உருளையை மாட்டி, பெல்ட் போட்டுப் பம்போடு இணைத்தார். வாய்க்கால் வாயில் முக்கோணமாக வெட்டிய தகரம். அதில் தண்ணீர் எவ்வளவு உயரம் வழிகிறது என்று பார்த்தால் நொடிக்கு எத்தனை லிட்டர் என்று தெரியும். லிட்டரையும் கிணற்று ஆழத்தையும் வைத்துக் குதிரை.

"மாப்பிள்ளை, காரை வெச்சுத் தண்ணி எறைக்கற ஆளை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்" என்றார் அண்ணன். வரலட்சுமி அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. சீட்டில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக் கத்தினேன், அவர் ஆக்சிலேட்டருக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத் தகரத்துக்குப் பக்கத்தில் அளவுகோலோடு குந்தியிருந்தார். குழாயிலிருந்து தண்ணீர் ஆள் பருமனுக்குப் பாய்ந்து வாய்க்காலை உடைத்துக்கொண்டு அண்ணனின் சோளக்காட்டுக்குள் போயிற்று. அறுபத்திரண்டு குதிரை. மூன்று மாதம் கழித்து மறுபடி கொண்டுபோனோம். எழுபத்தாறு.

எழுபத்தாறோடு நின்றுவிட்டது. கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் என்னென்னவோ செய்து பார்த்தார். அழுத்தத்தைக் கூட்டினால் இன்ஜின் உள்ளே கடகடவென்று தட்டியது. இதற்கு மேல் ஏற்றவேண்டும் என்றால் வெளிநாட்டுச் சாமான் வேண்டும். எனக்கு நிம்மதி. இப்படியே இன்னும் ஒரு வருஷம் ஓடும், இன்னும் ஐம்பது ஞாயிற்றுக்கிழமை என்று கணக்குப் போட்டேன்.

"இனிக் குதிரையை ஏத்த முடியாது கனகு. எடையைத்தான் எறக்கோணும்" என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீக்கடையில். எட்டுக் கிலோ குறைத்தால் ஒரு குதிரை ஏற்றின மாதிரி. செலவே இல்லை. பின்சீட்டு ஏற்கெனவே போயிருந்தது. ஸ்டெப்னி, தரைவிரிப்பு, கதவு அட்டை எல்லாவற்றையும் அங்கேயே கழற்றிப் பின்னால் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு நூல் குடோன் முன்னால் நிறுத்தினார். தெரிந்தவர் குடோன்தான், வாசலிலேயே நூல் மூட்டை நிறுக்கிற எடை மெஷின் இருந்தது. கழற்றிய சாமானையெல்லாம் ஒவ்வொன்றாக வைத்து எழுதிக்கொண்டார். கடைசியில், "நீயும் சித்த ஏறு" என்றார்.

"ஐயே, நடு ரோட்டுலயா? நாலு பேரு பாக்கறாங்க, போங்க" என்றேன். ஏறினேன். முள் ஆடி நின்றது.

"அம்பத்திரண்டு. எட்டுக் கிலோவுக்கு ஒரு குதிரைன்னா..." என்று நிறுத்தி, என்னைப் பார்த்துச் சிரித்தார். எத்தனை வருஷத்துச் சிரிப்பு அது! "நீ ஆறரைக் குதிரை கனகு."

அந்த வாரம் முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பாத்திரம் கழுவும்போது ஆறரைக் குதிரை. துணி பிழியும்போது ஆறரைக் குதிரை. அண்ணிக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "பம்பு கம்பெனிக்காரரு பொண்டாட்டியக் கொஞ்சறது இப்படித்தான் இருக்குமாட்ட இருக்குது" என்று அவள் சிரித்தாள். மரமண்டை. அவளில்லை, நான். கணக்குப் போடுகிற மனுஷன் ஒரு எண்ணைச் சொன்னால் அது எதற்கு என்று யோசிக்கவேண்டாமா?

ரேஸுக்கு இரண்டு நாள் முன்னால் வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு, காந்திபுரத்தில் இறங்கி அவருக்கு ஒரு புதுச் சட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஹாலில் டிவிக்கு எதிரே அந்த சீட்டு இருந்தது. காரின் இடது பக்கத்து சீட்டு. அடியில் இரண்டு கட்டை கொடுத்து ஆடாமல் நிறுத்தியிருந்தார். துடைத்தும் வைத்திருந்தார்.

"ஒக்காந்து பாரு. சோபா கணக்கா இருக்குது" என்றார்.

நான் உட்காரவில்லை. கொட்டகைக்குப் போனேன். காருக்குள் எட்டிப் பார்த்தால் இடது பக்கம் வெறும் தகரம், நாலு போல்ட் ஓட்டை. கேஜைக் கழற்றி, ஸ்டீயரிங்குக்கு மேலே கண்ணாடி ஓரம் இரும்புப் பட்டை வளைத்து மாட்டியிருந்தார். தண்ணீர் பட்டன் கியர்க் கம்பிக்கு மாறியிருந்தது. நான் செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒரே சாயங்காலத்தில் எல்லாம் முடிந்திருந்தது. இவ்வளவு சுலபமாக முடியுமென்றால் இத்தனை நாள் ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். தோன்றியிருக்காது, அவ்வளவுதான்.

"ஏனுங்க, என்னைக் கழட்டிப்போட்டீங்களா?" என்றேன்.

"என்ன பேச்சு பேசற? ரேஸுல ஒருத்தருக்கு மேல உள்ள உடமாட்டாங்க. சும்மா போற சீட்டு எதுக்கு? பன்னெண்டு கிலோ அது. உன்னோட சேத்தா எட்டுக் குதிரை. எழுவத்தாறும் எட்டும் எம்பத்து நாலு. எம்பதே தாண்டிப்போச்சு!"

"அந்த ஆறரை நானுங்க. கொறைக்கறதுக்கா என்னை நிறுத்தீங்க?"

"பின்ன எதுக்கு நிறுப்பாங்க?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். என் முகத்தைப் பார்த்து என்னவோ தோன்றியிருக்கவேண்டும், "ரேஸு முடிஞ்சதீம் மாட்டிப்போடறேன், நாலே போல்ட்டுதான்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளை ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் காரில் போனார். நான் தூக்குப்போசியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு, சிங்காநல்லூரில் பல்லடம் பஸ் ஏறி, இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்து போனேன். கயிறு கட்டி ஜனங்களை நிறுத்தியிருந்தார்கள். பெண்பிள்ளை என்று பார்த்தால் நானும், சுண்டல் விற்கிற ஒரு அம்மாளும்தான்.

ஆயிரம் சி.சி.க்குக் கீழே உள்ள வண்டிகளில் ஐந்து தடவை ஓடினார், ஐந்தும் ஜெயித்தார். கடைசி ஓட்டத்தில் பக்கத்தில் நின்றது சிவப்பு வண்டி, சிங்கப்பூர்ச் சாமான். கொடி விழுந்தது. ஊளை கிளம்பியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையறியாமல் சொல்கிறேன், "கால்... அரை... முக்கா..." முள் தெரியவேண்டிய அவசியமே எனக்கு இல்லை, காதே போதும். பக்கத்திலிருந்த ஆள் திரும்பி ஒரு மாதிரி பார்த்தான். முக்காலில் என் கட்டைவிரல் கயிற்றை அழுத்தியது. கார் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. சிவப்பு வண்டி நாலு கார் தூரம் பின்னால் வந்தது. அடேயப்பா, ஜனங்கள் போட்ட சத்தம்! நானும் கை தட்டினேன். தட்டத்தான் செய்தேன், பொய் சொல்லக்கூடாது. அந்த நிமிஷம் எனக்குப் பெருமைதான்.

போசியைத் தூக்கிக்கொண்டு கார் நிற்கிற இடத்துக்குப் போனேன். கிட்டே போகமுடியவில்லை. முப்பது நாற்பது ஆண்கள் சுற்றி நின்றார்கள். பானெட்டைத் திறந்து வைத்து, நடுவில் அவர். பேசிக்கொண்டிருந்தார்.

என்ன பேச்சு! கை ஆட்டிப் பேசுகிறார். குக்கர் வெயிட்டைக் காட்டி என்னவோ சொல்கிறார், கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. சிவப்பு வண்டிக்காரர் சாய்கிருஷ்ணாவுக்கு நாற்பது வயதிருக்கும், பெரிய மில் குடும்பம், அவர் தோளிலேயே என் வீட்டுக்காரர் கை போட்டு, "அட நீங்க வேறங்க, சிங்கப்பூர்ச் சாமானுக்குக் குடுத்த காசைக் கிணத்துல போட்டிருந்தாலும் தண்ணியாவது மேல வந்திருக்கும்" என்கிறார். மறுபடி சிரிப்பு. கேலி, கிண்டல், கதை, உக்கடத்துப் பாய் மாதிரிக் குரல் மாற்றிப் பேசிக்காட்டுவது கூட. முன்பின் தெரியாத ஆட்களிடம். ஒரு மணி நேரம் நின்றேன், இரண்டு மணி நேரம் நின்றேன். பேச்சு வற்றவே இல்லை. அவருக்குப் பேச வராது என்று பதினோரு வருஷமாக ஊரெல்லாம் வக்காலத்து வாங்கினேனே, அந்த ஆள் இல்லை இது. இவருக்குப் பேச வரும். என்னிடம்தான் வராது.

எனக்கு அழுகை வரவில்லை. போசியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். அந்தக் கூட்டத்தில் என் கண்ணில் அவர் கண் ஒருதரம் பட்டது. கையைத் தூக்கி, "நீ பஸ்ஸுல போயிரு, நான் பொறகால வாரேன்" என்று கத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். புளிச்சோற்றைச் சுண்டல்காரம்மாளுக்குக் கொடுத்தேன். அவள் நல்ல பசியில் இருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சூலூர் தாண்டும்போது பின்னாலிருந்து அந்த ஊளை கேட்டது. பஸ்ஸில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. வெள்ளைக் கார் எங்களை ஒட்டி முந்திப்போனது. இடது பக்கம், வெறும் தகரத்தில், வெள்ளைப் பேன்ட்டோடு சாய்கிருஷ்ணா குந்தியிருந்தார். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, எட்டிக் கேஜைப் பார்த்து வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். என்ன கத்துகிறார் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டட்டும் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து குளித்து, சோறு வடித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் கார் வந்து நின்றது. கையில் கப்போடு உள்ளே வந்தார். கப்பை டிவி மேல் வைத்தார்.

"எப்படீங்க இருந்துச்சு?" என்றேன்.

"ம்ம். நல்லாத்தான்."

"ஆளுகெல்லாம் என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க." சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "சோறு ஆச்சா?"

தட்டை எடுத்து வைத்தேன். அவர் ஹாலில் இருந்த சீட்டைப் பார்த்தார். நல்ல மனுஷன், சொன்ன சொல்லை மறக்கமாட்டார். "அந்த ஸ்பேனரை எடு கனகு, மாட்டிப்போடலாம்" என்றார்.

எடுத்துக் கொடுத்திருக்கலாம். பேசாமல் எடுத்துக் கொடுத்திருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கருமத்தம்பட்டியில் டீ குடித்துக்கொண்டிருப்பேன். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எதுக்குங்க? அது இல்லாமத்தான் வண்டி நல்லா ஓடுதே. அப்படியே கெடக்கட்டும்" என்றேன்.

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். நீ இல்லாமல் எப்படி என்றெல்லாம் வேண்டாம். அதெல்லாம் முடியாது என்று ஒரு வார்த்தை, கோபமாகச் சொன்னாலும் போதும். போடி கிறுக்கி என்றாலும் போதும். ஓடிப்போய் ஸ்பேனரை எடுத்துவந்து நானே மாட்டியிருப்பேன்.

மனசுக்குள் கணக்குப் போடும்போது அவர் உதடு லேசாக அசையும். அசைந்தது.

"அதுவுஞ் சரிதான்" என்றார், நான் பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி. கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சோறு போட்டேன்.